விண்டோஸ் அப்டேட்: உடனே போடுவதா, ஒரு வாரம் தள்ளுவதா, நிறுத்தியே வைப்பதா?

“அப்டேட் போட்டால் சிஸ்டம் படுத்துவிடும்” என்று சொல்லும் சர்வீஸ்காரரும், “அப்டேட் போடாமல் விட்டதால்தான் இப்படி ஆச்சு” என்று சொல்லும் சர்வீஸ்காரரும் பல கடைகளில் ஒரே ஆள்தான். அவரைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் இரண்டும் நடக்கிறது. அப்டேட்டால் பிரிண்டர் நின்றுபோன அலுவலகங்கள் உண்டு. அப்டேட் இல்லாததால் கோப்புகள் மொத்தமும் பூட்டப்பட்ட அலுவலகங்களும் உண்டு. ஆனால் இந்த இரண்டு ஆபத்தும் ஒரே நேரத்தில் வருவதில்லை. அப்டேட்டே கோளாறாக இருந்தால் அது சில நாட்களுக்குள் அம்பலமாகிவிடும். அப்டேட் போடாததன் ஆபத்து வாரக்கணக்கில் மெல்ல ஏறும்.

அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை ஏழு முதல் பத்து நாள் தள்ளிப் போடுங்கள். பெரிய பதிப்பு மாற்றத்தைச் சில மாதம் தள்ளுங்கள். டிரைவர் (பிரிண்டர் போன்ற சாதனத்தை இயக்கும் மென்பொருள்), பயாஸ் (கணினியைத் துவக்கும் மதர்போர்டு மென்பொருள்) இரண்டையும் தேவை இருந்தால் மட்டும் தொடுங்கள். அடியோடு நிறுத்துவது, இணையக் கம்பியே செருகாத இயந்திரத்துக்கு மட்டும் பொருந்தும்.

எது வருகிறது, எப்போது வருகிறது

மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபர் முதல் பாதுகாப்புத் திருத்தங்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அது வெளியாகும் நேரமான அமெரிக்க மேற்குக் கரைக் காலை பத்து மணி என்பது நமக்கு இரவு பத்தரை, குளிர்கால மாதங்களில் பதினொன்றரை. புதன்கிழமை காலை கணினியைத் திறக்கும்போது “ரீஸ்டார்ட் தேவை” என்று நிற்பது இதனால்தான். இந்த மாதாந்திர அப்டேட் முந்தைய மாதத் திருத்தங்களையும் சேர்த்தே கொண்டுவரும். மூன்று மாதம் விட்டுவிட்டால் மூன்றைத் தேடிப் போட வேண்டியதில்லை, கடைசியாக வந்த ஒன்று போதும்.

மாதத்தின் நான்காவது வாரத்தில் ‘பிரிவியூ’ என்ற பெயரோடு இன்னொன்று வரும். அடுத்த மாதத்து அப்டேட்டின் முன்னோட்டம் அது. அதில் புதிய பாதுகாப்புத் திருத்தம் எதுவும் இருக்காது. வேலை செய்யும் கணினியில் இதைப் போட ஒரு காரணமும் இல்லை, உங்களைத் தொல்லை செய்யும் ஒரு குறிப்பிட்ட கோளாறு அதில் சரிசெய்யப்பட்டிருந்தால் தவிர. விண்டோஸ் 11-இல் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே, புதியவற்றைக் கிடைத்தவுடன் பெறுவதற்கான ஒரு பொத்தான் இருக்கிறது. அது அணைந்திருக்கட்டும்.

ஆண்டுக்கொரு முறை வரும் பதிப்பு மாற்றம் தனிக் கதை. 23எச்2, 24எச்2 என்று பெயர் வைத்திருப்பவை இவைதான். டிரைவர்களும் சில மடிக்கணினிகளுக்கு பயாஸும்கூட இதே வழியாக வருகின்றன. ‘அப்டேட் போட்டேன், கெட்டுப்போனது’ என்று யாராவது சொன்னால் இவற்றில் எதைப் போட்டார் என்று கேட்பதே முதல் கேள்வி. பல புகார்கள் பாதுகாப்பு அப்டேட்டைப் பற்றியவையாகவே இருக்காது.

உடனே போடுவது: நான்கு நாள், ஆறு நாள் கணக்கு

உடனே போடச் சொல்பவர்களின் வாதம் வலுவானது. திருத்தம் வெளியானதும் அதைப் பழைய கோப்போடு ஒப்பிட்டு, ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியும். அதாவது திருத்தமே, அதைப் போடாதவர்களின் கணினிக்குள் நுழையும் வழியைக் காட்டிக்கொடுக்கிறது. செவ்வாய் இரவிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

மறுபக்கத்தில், சொதப்பிய அப்டேட்களின் தேதிகளைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு 2018 அக்டோபர் 2 அன்று வந்தது. டாக்குமெண்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு டிரைவுக்குத் திருப்பி வைத்திருந்த சிலரின் கோப்புகளை அது அழித்தது. அக்டோபர் 6 அன்று நிறுத்தப்பட்டு, நவம்பர் 13 அன்று மறுபடி வந்தது. 2021 மார்ச் 9 அப்டேட், சில நிறுவனங்களின் பிரிண்டருக்கு அச்சு அனுப்பினாலே நீலத்திரை காட்டியது. திருத்தம் மார்ச் 15 அன்று. 2025 மே 13 விண்டோஸ் 10 அப்டேட், சில இன்டெல் இயந்திரங்களில், டிஸ்கைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கரின் மீட்பு எண் கேட்டு நின்றது. திருத்தம் மே 19. 2025 அக்டோபர் 14 விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பின் மீட்புத் திரையில் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை. திருத்தம் அக்டோபர் 20.

நான்கு நாள், ஆறு நாள், ஆறு நாள், ஆறு நாள். செவ்வாய் வந்ததை அடுத்த செவ்வாய்க்குப் பின் போட்டிருந்தால் இந்த நான்கில் ஒன்றும் உங்களைத் தொட்டிருக்காது. கடைசி ஒன்று இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது: அப்டேட் கெட்டால் திரும்பிப் போகும் வழியான மீட்புத் திரையே அந்த ஆறு நாளும் முடங்கியிருந்தது.

எல்லாக் கோளாறும் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 2024 ஜனவரியில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் ஒன்று, டிஸ்கின் மீட்புப் பகுதியில் (ரெகவரி பார்ட்டிஷன்) போதிய இடம் இல்லாத கணினிகளில் 80070643 என்று முடியும் பிழையோடு மாதக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்தது. அந்தப் பகுதியைக் கையால் 250 எம்பி பெரிதாக்குவதே வழி என்றார்கள். 2021 செப்டம்பரில் வந்த மாற்றம் இன்னும் பிரபலம். ஒரு கணினியில் இணைத்த பிரிண்டரை அலுவலகம் முழுக்கப் பகிர்ந்த இடங்களில் ‘11பி’ என்று முடியும் பிழை கிளம்பியது. அது கோளாறே இல்லை, வேண்டுமென்றே இறுக்கிய பூட்டு. அந்தப் பூட்டு அச்சுச் சேவையின் ஓர் ஓட்டைக்கானது; அந்த ஆண்டு ஜூன், ஜூலையில் வெளிவந்த ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற வேறு அச்சு ஓட்டைகளும் பெரிய தலைவலியாக இருந்தன. பலர், விண்டோஸ் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். அப்படிச் செய்திருந்தால் அது இன்னும் திறந்தே கிடக்கும். பிரிண்டர் இணைத்த கணினி, அச்சு அனுப்பும் கணினி இரண்டிலும் அப்டேட் போட்டு, டிரைவரை நிர்வாகி கணக்கிலிருந்து நிறுவுவதுதான் சரியான தீர்வு. நெட்வொர்க்கில் நேராகச் செருகும் பிரிண்டருக்கு இந்தத் தலைவலியே இல்லை.

அப்டேட் மேல் விழும் பழி எல்லாம் நியாயமானதும் அல்ல. 2025 ஆகஸ்டில் ஒரு விண்டோஸ் 11 அப்டேட் எஸ்எஸ்டியைக் கொல்கிறது என்று உலகம் முழுக்கப் பரவியது. எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப்பைத் தயாரிக்கும் ஃபைசன் நிறுவனம் 4,500 மணி நேரத்துக்கும் மேல் சோதித்தும் அந்தக் கோளாறை மீண்டும் வரவழைக்க முடியவில்லை. மைக்ரோசாஃப்டும் தொடர்பு இல்லை என்றது. 2024 ஜூலை 19 அன்று 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் நீலத்திரை காட்டியதற்கும், விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதியதற்கும் காரணம் கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் கோப்பு. விண்டோஸ் அப்டேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இன்றுவரை அதன் தலையில்தான் கட்டுகிறார்கள் என்றாலும்.

நிறுத்தி வைப்பது: 59 நாள் கணக்கு

எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வுச் சேவையில் இருந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று அடைத்தது. ஓட்டையைப் பயன்படுத்தும் கருவி இணையத்தில் கசிந்தது ஏப்ரல் 14. அதை வைத்துக் கோப்பு பூட்டும் வான்னாகிரை வைரஸ் உலகைச் சுற்றியது மே 12. திருத்தத்தைப் போட 59 நாள் இருந்தது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பூட்டப்பட்டன, இங்கிலாந்து அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7, அதாவது திருத்தம் கிடைத்தும் போடாதவை. யாரும் எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை. நெட்வொர்க்கில் ஒரு கணினி விழுந்தால் மற்றவை தானாக விழுந்தன. ‘நான் கண்டதையும் திறப்பதில்லை’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

பத்து நாள் தள்ளியவர் தப்பினார், இரண்டு மாதம் தள்ளியவர் சிக்கினார். தள்ளிப்போடுவதற்கும் நிறுத்துவதற்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

நிறுத்தும் முறையும் தன் பங்குக்குக் கெடுக்கும். சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட்டை ‘டிசேபிள்’ செய்தால், அதை மறுபடி எழுப்புவதற்கென்றே இன்னொரு சேவை விண்டோஸில் இருக்கிறது. அதையும் மீறி அடக்கும் கருவிகளைப் போட்டால், ஆறு மாதம் கழித்து ஒரு பழைய பில்லிங் மென்பொருள் டாட் நெட் 3.5 என்ற துணை மென்பொருளைக் கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். அது விண்டோஸ் அப்டேட் வழியாகத்தான் இறங்கும், 80070422 என்று முடியும் பிழை வரும். தமிழ் மொழிப்பொதியும் ஸ்டோர் செயலிகளும் இதே சேவையை நம்பியிருக்கின்றன. கள்ள ஆக்டிவேட்டர் போட்ட விண்டோஸில் அப்டேட்டை நிறுத்திக் கொடுப்பது பல கடைகளின் வழக்கம். அந்த ஆக்டிவேட்டருக்காக, விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபெண்டரையும் சேர்த்து அணைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட கணினியில் நெட் பேங்கிங் செய்யவே கூடாது.

இன்னொரு புதிய காரணமும் சேர்ந்திருக்கிறது. கணினி துவங்கும்போது சரிபார்க்கும் செக்யூர் பூட் சான்றிதழ்கள் 2011-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை, 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குகின்றன. பெரும்பாலான கணினிகளுக்குப் புதியவை விண்டோஸ் அப்டேட் வழியாகவே வருகின்றன. வராத கணினி அன்றைக்கே நின்றுவிடாது, ஆனால் துவக்க நிலைக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குப் பின் அதற்குக் கிடைக்காது.

ஒரு வாரம் தள்ளுவதை எப்படிச் செய்வது

ஹோம் பதிப்பில், விண்டோஸ் விதிகளை அமைக்கும் குரூப் பாலிசி எடிட்டர் இல்லை, ஆகவே மாதாமாதம் கைவேலைதான். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அங்கே ‘பாஸ் ஃபார் 1 வீக்’ (Pause for 1 week). இரண்டாவது செவ்வாய் அன்று மாலைக்குள் அழுத்த வேண்டும். அதிகபட்சம் ஐந்து வாரம். அந்த வரம்பு முடிந்தால் காத்திருக்கும் அப்டேட்டைப் போட்ட பிறகுதான் மறுபடி நிறுத்த விடும். நிறுத்தியிருக்கும்போதும் டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் வந்துகொண்டே இருக்கும், பயம் வேண்டாம்.

புரோ பதிப்பில் ஒரே முறை அமைத்துவிடலாம். குரூப் பாலிசி எடிட்டரில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனன்ட்ஸ், விண்டோஸ் அப்டேட் என்று இறங்கினால் ‘குவாலிட்டி அப்டேட்ஸ்’ எப்போது பெறுவது என்ற விதி இருக்கும். 30 நாள் வரை தள்ள முடியும், 7 அல்லது 10 கொடுங்கள். ‘ஃபீச்சர் அப்டேட்ஸ்’ விதி 365 நாள் வரை போகும், 120 போதும்.

கணக்கு அலுவலகங்களுக்கு இந்தத் தள்ளல் இன்னும் பொருந்துகிறது. மாத ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் 11-ஆம் தேதி, 3பி 20-ஆம் தேதி. இரண்டாவது செவ்வாய் எப்போதும் 8-இலிருந்து 14-க்குள் விழும், அதாவது தாக்கல் பரபரப்பின் நடுவில். 21-ஆம் தேதி அப்டேட் என்று வைத்துக்கொண்டால், வெளியாகி 7 முதல் 13 நாள் ஆகியிருக்கும், மாத நெருக்கடியும் முடிந்திருக்கும். ஐந்து கணினி இருந்தால் டேலி தரவு இல்லாத ஒன்றில் முதலில் போட்டு, ஒரு நாள் பிரிண்டரும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம்.

இந்த விதியை உடைக்க வேண்டிய நேரம் ஒன்று உண்டு. தாக்குதல் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற ஓட்டைக்கு சில நேரம் அவசரத் திருத்தம் இரண்டாவது செவ்வாய்க்காகக் காத்திராமல் வரும். 2021 ஜூலை 6 அன்று பிரிண்ட்நைட்மேருக்கு அப்படித்தான் வந்தது. நீங்கள் நிறுத்தி வைத்திருந்தால் அது தானாக இறங்காது, ‘ரெச்யூம்’ அழுத்த வேண்டும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிடும் எச்சரிக்கைகளில் ‘கிரிட்டிகல்’ என்ற தரமும், ஓட்டை இப்போதே பயன்படுத்தப்படுகிறது என்ற வரியும் சேர்ந்து வந்தால் அன்றே போடுங்கள்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் நாளுக்கு 1.5 ஜிபி வைத்து ஓட்டுபவர்கள் அந்த வைஃபையை ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்று குறித்துவிட்டால் பெரும்பாலான அப்டேட் தானாக இறங்காது. ஒரே வீட்டில் இரண்டு மூன்று கணினி இருந்தால் டெலிவரி ஆப்டிமைசேஷனில் ‘உள்ளூர் நெட்வொர்க்’ மட்டும் என்று தேர்ந்தெடுங்கள். ஒன்று இறக்கியதை மற்றவை அதனிடமிருந்தே எடுத்துக்கொள்ளும்.

டிரைவரும் பயாஸும்

வேலை செய்யும் டிரைவரை மாற்றாதீர்கள். ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ பட்டியலில் பத்து டிரைவர் வரிசையாக நின்றாலும் நிற்கட்டும். மாற்றிக் கெட்டுவிட்டால் டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் பிராப்பர்ட்டீஸ், டிரைவர், ‘ரோல் பேக்’. பயாஸ் அப்டேட் மட்டும் வேறு வகை: பாதியில் மின்சாரம் போனால் மதர்போர்டே எழாமல் போகலாம். மடிக்கணினி என்றால் பேட்டரி நிறைந்து சார்ஜரிலும் இருக்க வேண்டும், மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம்.

சாதாரண மாதாந்திர அப்டேட்டில் மின்வெட்டு வந்தால் அவ்வளவு பயமில்லை. அடுத்த முறை எழும்போது மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறேன் என்று சொல்லிப் பழைய நிலைக்கே போகும், நேரம்தான் வீண்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள்

இவர்களுக்குக் கேள்வியே வேறு. 2025 அக்டோபர் 14 அன்று இலவச அப்டேட் நின்றுவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் தனிநபர் கணினிக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். விண்டோஸ் பேக்கப்பில் செட்டிங்ஸை ஒத்திசைத்தால் கட்டணம் இல்லை, இல்லையென்றால் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளி அல்லது 30 டாலர். ஒரு கட்டணத்தில் அதே கணக்கில் பத்துக் கணினி வரை சேர்க்கலாம். தாமதமாகச் சேர்ந்தாலும் விடுபட்ட திருத்தங்கள் வந்துவிடும். நிறுவனங்களுக்கு முதல் ஆண்டு ஒரு கணினிக்கு 61 டாலர், ஆண்டுதோறும் இரட்டிப்பாகும். அந்த விலைக்கு இரண்டு மூன்று ஆண்டு நீட்டிப்பதைவிடப் பழைய இயந்திரத்தை மாற்றிவிடுவது லாபம்.

‘டிஃபெண்டர் இன்னும் அப்டேட் ஆகிறதே, போதாதா?’ என்று கேட்பவர்கள் நிறைய. 2028 அக்டோபர் வரை அதன் வைரஸ் பட்டியல் வரும் என்பது உண்மை. ஆனால் தெரிந்த வைரஸை அடையாளம் காண்பது ஒரு வேலை, அது நுழையும் ஓட்டையை அடைப்பது வேறு வேலை.

விண்டோஸ் 11-க்கு மாறலாமா என்பதை பிசி ஹெல்த் செக் செயலி சொல்லும். இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசைக்கு முந்தையவை பெரும்பாலும் தேறாது. புதிய பிராசஸர் இருந்தும் ‘டிபிஎம் இல்லை’ (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சிப் இல்லை) என்று வந்தால் கடைக்கு ஓட வேண்டாம். பயாஸில் இன்டெலுக்கு பிடிடி, ஏஎம்டிக்கு எஃப்டிபிஎம் என்ற பெயரில் அது அணைந்து கிடக்கும். விதியை ஏமாற்றி ஏற்றுவதும் முடியும், ஆனால் அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை, ஆண்டுதோறும் பதிப்பு மாற்றத்தை நீங்களே தூக்கிப் போட வேண்டும். அப்டேட்டுக்காக எடுக்கும் முயற்சியில் அப்டேட்டையே சந்தேகத்தில் வைப்பது பொருளற்றது.

உலாவி, மின்னஞ்சல், யூடியூப் மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளம் பழைய கணினியில் 2029 வரை அப்டேட்டோடு ஓடும். டேலி, பேஜ்மேக்கர், பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள் ஓடும் அச்சகம் என்றால் அது ஒத்துவராது. அவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. 32-பிட் மென்பொருள் ஓடும், ஆனால் 32-பிட் டிரைவர் ஏறாது. பழைய பிரிண்டருக்கு 64-பிட் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மாறுங்கள். இல்லையென்றால் அந்த ஒரு கணினியை இணையத்திலிருந்து பிரித்து, பென் டிரைவைத் திறக்கும் முன் ஸ்கேன் செய்யும் பழக்கத்தோடு அப்படியே ஓட்டலாம்.

போடும் நாளில்

சி டிரைவில் 20 ஜிபி காலியாக இருக்கட்டும். கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துக் கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால் கோப்பு பூட்டும் வைரஸ் அதையும் பூட்டும். பிட்லாக்கர் மீட்பு எண் 48 இலக்கம், மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைப் பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள், அது கேட்கும் நேரத்தில் அந்தக் கணினியில் எதையும் திறந்து பார்க்க முடியாது. பழைய மடிக்கணினியை மகனின் கணக்கில் அமைத்துக் கொடுத்திருந்தால் எண் அவர் கணக்கில்தான் இருக்கும் என்பதைப் பலர் அப்போதுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

சாதாரண ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் 30 சதவீதத்தில் ஒரு மணி நேரம் நிற்பது வழக்கம். டிஸ்க் விளக்கு மின்னும்வரை கை வைக்காதீர்கள். மூன்று நான்கு மணி நேரம் எந்த அசைவும் இல்லையென்றால் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள். துவக்கம் தொடர்ந்து இரண்டு மூன்று முறை தோற்றால் மீட்புத் திரை தானே வரும். அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். மாதாந்திர அப்டேட் என்றால் ‘குவாலிட்டி’, பதிப்பு மாற்றம் என்றால் ‘ஃபீச்சர்’. பதிப்பு மாற்றத்திலிருந்து திரும்ப பத்து நாள்தான் அவகாசம், அதற்குள் டிஸ்க் கிளீனப் ஓட்டி பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்துவிட்டால் அதுவும் இல்லை. நீக்கிய கையோடு ‘பாஸ்’ அழுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அன்றிரவே அதே அப்டேட் மறுபடி இறங்கத் தொடங்கும்.